தெல்தோட்டை மக்கள் தந்த காசு

வீரசிங்கத்தைப் போல ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. நல்லவர் என்றால் எங்கள் கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் ஏமாளி என்று அர்த்தம். முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஐந்து சதம் வாங்காமல் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். அதனால்தான் பெரிய கட்சிக்காரர் அவரைப் பொறுக்கி எடுத்தார்.

பிரதேச சபைத் தேர்தலில் தெல்தோட்டைக்குக் கணபதி நின்றான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். லயங்களுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவருவேன் என்று சொல்லி, தமிழ் வாக்கு முழுவதையும் கையில் வைத்திருந்தான். அதை உடைக்க இன்னொரு தமிழர் வேண்டும். கட்சிக்காரர் என் ஹாட்வெயார் கடைக்கு மூன்று லட்சம் அனுப்பினார்.

எல்லாம் புத்தம் புது ஐயாயிரம் ரூபாய்த் தாள். அப்படியே கொடுத்தால் கிழவர் மோப்பம் பிடித்துவிடுவாரே! ஐம்பதும் நூறுமாக மாற்றினேன். தேயிலைத் தூள் சாக்கில் போட்டுக் கசக்கினேன். பழைய சேலைத் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு குண்டசாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"ஐயா, தோட்டத்து ஆளுங்க சேத்த காசு. நீங்க நிக்கணுமாம்."

மூட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

"யார் யார் குடுத்தாங்க, மொதலாளி? போய்க் கும்பிட்டுட்டு வர்றேனே."

"பேர் வெளிய வந்தா கணபதி ஆளுங்க அவங்கள சும்மா விடமாட்டாங்க. கேக்காதீங்க."

நின்றார். நூற்று அறுபத்து மூன்று வாக்கு எடுத்தார். கணபதி நாற்பத்தொரு வாக்கில் தோற்றான். பெரிய கட்சி ஆள் வென்றான். குழாய் அவன் ஊர்ப் பக்கம் போனது. தெல்தோட்டைச் சந்தியில் வேலாயி என்ற கொழுந்து பறிக்கிறவள், "எங்க வாயில மண்ணப் போட்டுட்டீங்களே, ஐயா" என்று வீரசிங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னாளாம்.

மூன்று மாதம் கழித்து மனைவி பாலாம்பிகையோடு கடைக்கு வந்தார். அந்த அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். நகையெல்லாம் விற்றாயிற்று. வீரசிங்கம் அந்தக் காசை என் மேசையில் வைத்தார்.

"ஏழைங்க காசு, மொதலாளி. என்னை நம்பிக் குடுத்தாங்க. அவங்க தண்ணியையே நான் கெடுத்துட்டேன். யார் யாருன்னு ஒங்களுக்குத்தானே தெரியும், திருப்பிக் குடுத்துருங்க."

வெட்கமா? ஒரு நிமிடம் வந்தது, போய்விட்டது.

"கட்டாயம் குடுத்துர்றேன், ஐயா."

இரண்டு பேருக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டேன். அந்த அம்மா ஜன்னல் வழியே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பி வந்து எண்ணினேன். சரியாக மூன்று லட்சம், எல்லாம் புதுத் தாள். இந்தத் தடவை கசக்க வேண்டிய வேலை இல்லை. மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.