ஐந்தே முக்கால் அலாரம்

விடியுமுன்பே கொதிகலன் உறுமத் தொடங்கியிருந்தது. மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் அலசி, பிழிந்து, இஸ்திரி உருளையில் ஏற்றுவது எங்கள் பிழைப்பு. ரத்தக் கறையும் மருந்து வாடையும் பழகிவிட்டன. நீராவி மட்டும் பழகவே மாட்டேன் என்கிறது. கொதிகலனைக் கவனிப்பவர் என் அக்காள் புருஷன். நாலரைக்கே வந்து நெருப்பு மூட்டுகிறவர். அந்த மச்சானைத்தான் அன்று 'வரவில்லை' என்று எழுதியிருந்தது வருகைப் பதிவு மென்பொருள்.

அவரை மட்டுமல்ல, பதினெட்டுப் பேரையும்தான். ஆனால் மச்சானுக்கு அது மூன்றாவது. முந்தைய இரண்டும் நீராவி பட்டுக் கை வெந்து கிடந்த நாட்கள். மாதத்தில் மூன்று விழுந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். முதலாளி போட்ட சட்டம் அது.

வாசலில் கைரேகைப் பெட்டி இருக்கிறது. அதற்கு நேரம் தெரியாது. ஆறு மணிக்கு மென்பொருள் தானே வந்து ரேகைகளை வாங்கிப் பதிய வேண்டும்; அது வாங்குகிற நேரம்தான் நாங்கள் வந்த நேரம். அன்று அது வாங்கியது ஒன்பது மணிக்கு, முதலாளி வந்து திரையைத் திறந்த பிறகு.

"நான் வரலைன்னா, காலையிலேருந்து ஆவி எங்கேருந்து வந்துச்சு?" என்றார் மச்சான்.

"நானா எழுதினேன்? சிஸ்டம் சொல்லுது. அதுக்கு உம்மேல என்ன பகை?" என்றார் முதலாளி.

"விரிப்பை சிஸ்டமா அலசுது?" என்றேன்.

"வாய் ரொம்ப நீளுது. கொதிகலனுக்கு நாளன்னைக்கு வேற ஆள் வருவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற பெண் மாடி அறையில் இருந்தாள். நாங்கள் அவளை மாடி அக்கா என்போம். படியேறிப் போய்க் கத்தினேன். "எங்க குடும்பத்துத் தலையில ஏன்க்கா கல்லைத் தூக்கிப் போட்ட?"

அவள் கண்கள் சிவந்திருந்தன. "கொஞ்ச நேரம் யாருமே திரையில அதோட பக்கத்தைத் திறக்கலைன்னா மென்பொருள் தூங்கிடும்ப்பா. அதுக்குள்ள இருக்கிற கடிகாரமும் சேர்ந்து தூங்கிடும். இந்த வேலைக்குன்னு தூங்காத சர்வர் கம்ப்யூட்டர் ஒண்ணு தனியா வேணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். முதலாளி காதுலயே போட்டுக்கல."

"அப்போ இத்தனை மாசம் எப்படி ஓடுச்சு?"

"அஞ்சே முக்காலுக்கு அலாரம் வச்சு, வீட்டுலேருந்து நான்தான் பக்கத்தைத் திறந்து எழுப்பி விடுவேன். இன்னைக்குக் காலையில மகளுக்குக் காய்ச்சல் கொதிச்சுது. மறந்துட்டேன்."

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முதலாளி பீற்றிக்கொண்ட தானியங்கி இதுதான்! பாயில் படுத்தபடி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு பெண் அமுக்கிய பொத்தான். அவளிடம் கத்தியதற்கு வெட்கமாக இருந்தது.

பகல் சாப்பாட்டின்போது மாடி அக்கா சொன்னதை எல்லோரிடமும் சொன்னேன். இஸ்திரி உருளையில் வேலை பார்க்கும் சித்தி, "அதுக்கென்ன, முறை வச்சு நாமளே எழுப்பி விட்டுடலாம்" என்றாள்.

"நாம எழுப்பி விடுற வரைக்கும் அது தூங்குறது முதலாளிக்குத் தெரியவே தெரியாது சித்தி," என்றார் மச்சான். "நாளைக்கு யாரும் எழுப்ப வேண்டாம். அடுப்பையும் மூட்ட மாட்டேன்."

"அப்போ ஆஸ்பத்திரிக்கு?"

"நாளைக்கான விரிப்பை இன்னைக்கே அலசிடுவோம். படுத்துக் கிடக்குறவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்தோம். இடுப்பு ஒடிந்தது. யாரும் முனகவில்லை.

மறுநாள் கொதிகலன் குளிர்ந்து கிடந்தது. பெட்டியில் யாரும் விரல் வைக்கவில்லை. ஒரு தாளில் வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதல் பெயர் மச்சானுடையது. அந்தப் பெயர் பட்டியலில் திரும்ப ஏறணும், தூங்காத சர்வர் வரணும் என்று மேலே சித்தி எழுதினாள்.

மாடி அக்கா வருவாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வாசலில் அவள் நுழையும்போதே கையிலிருந்த கைபேசி அலறியது. ஐந்தே முக்கால். அவள் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் திரைக்குப் போய் நின்றது. அவள் வேலையும் போகலாம். எல்லோருக்கும் அது தெரியும்.

அலாரத்தை அணைத்தாள். "தாளை இங்க குடுங்க," என்று பத்தொன்பதாவதாகக் கையெழுத்திட்டாள்.

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு, மச்சான் நகர்ந்து தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார். முதலாளியின் வண்டி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நின்றோம்.