நண்டு டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கும் ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவள் நண்டு டீச்சர். இடது மணிக்கட்டின் உட்புறத்தில், தீப்பெட்டி அளவில், கறுப்புக் கோட்டில் ஒரு நண்டைப் பச்சை குத்தியிருந்தாள். விரல்களை மடக்கி விரித்தால் அடியில் நரம்பு அசைந்து, நண்டு கால் எடுத்து வைப்பதுபோல இருக்கும். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தும்போது அவள் பதிலுக்குக் கத்த மாட்டாள். கையைத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான். நண்டு நடக்கிறதா என்று பார்க்க வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். எந்த இடத்தில் எந்த ‘ன’ போடுவது என்று முழிக்கிற பிள்ளையிடம், “நண்டுக்கு எத்தனை சுழி?” என்று கேட்பாள். மூன்று என்று பதில் வரும். அந்த வகுப்பில் படித்த யாரும் அதற்குப் பிறகு அந்த எழுத்தில் தடுமாறியதில்லை.

அதைக் குத்திக்கொண்டபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. முதல் சம்பளம் வாங்கிய கையோடு தோழிகள் நாலு பேராகக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். ஈர மணலில் ஒரு நண்டு, யார் என்ன நினைத்தால் எனக்கென்ன என்பதுபோலப் பக்கவாட்டில் ஓடியதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் தெருவில் பச்சை குத்தும் கடை இருந்தது. அவ்வளவுதான் கதை. அதில் காதலும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அவள் அம்மா, அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஊசி சுத்தமாக இருந்ததா என்று மட்டும் கேட்டாள்.

குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்த முதல் நாளே தலைமையாசிரியை அதைக் கவனித்துவிட்டார். பெற்றோர் வருகிற நாளில் மட்டும் அகலப் பட்டை வைத்த கடிகாரம் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஆறு வருடம் அப்படியே ஓடியது. வருடா வருடம் தற்காலிகப் பணியைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் நிரந்தரம் ஆகும் என்று வாக்கும் இருந்தது.

ஒரு மழை நாளில் விளையாட்டு மைதானத்துக்குப் போக முடியாமல் பிள்ளைகள் வகுப்பிலேயே அடைந்து கிடந்தார்கள். ஒரு பெண் குழந்தை நீலப் பேனாவால் தன் மணிக்கட்டில் ஒரு நண்டு வரைந்துகொண்டாள். தொத்து வியாதி மாதிரி அது பரவியது. மணி அடித்தபோது பதினொரு கைகளில் பதினொரு நண்டுகள் வீட்டுக்குப் போயின. பத்து வீடுகளில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சிரித்தார்கள். பதினோராவது வீட்டில், அந்த நண்டை முதலில் வரைந்த குழந்தையின் அம்மா அதைப் படம் எடுத்தாள். அவள் ஒரு வங்கியில் அதிகாரி. பெற்றோர்கள் செல்போனில் வைத்திருந்த குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, இன்றைக்குப் பேனா, நாளைக்கு ஊசி என்று எழுதினாள்.

சாயங்காலத்துக்குள் எழுபது பதில்கள். ரவுடிகள் குத்துவது என்றார் ஒருவர். எங்கள் ஆபீசில் இப்படி வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்றார் இன்னொருவர். வக்கீலாக இருக்கும் ஒரு தகப்பன், பச்சை குத்தக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லையே என்று எழுதினார். அவருக்கு மட்டும் யாரும் பதில் போடவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

“இது யார் ஞாபகமா போட்டுக்கிட்டீங்க, டீச்சர்?”

“யார் ஞாபகமும் இல்ல மேடம். பிடிச்சிருந்துச்சு.”

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். “ஒரு காரணம் இருந்தா நான் பேசிச் சமாளிச்சுடுவேன். நம்ம பி.டி. சாரைப் பாருங்க.”

விளையாட்டு ஆசிரியரின் வலது கையில், முழங்கை முதல் மணிக்கட்டு வரை, ‘அம்மா’ என்று பூவும் கொடியுமாக எழுதியிருந்தது. அவருடைய அம்மா தவறிப்போன வருடம் குத்தியது. ஆண்டு விழா மேடையில் அந்தக் கையோடுதான் அவர் மைக் பிடித்தார். பெற்றோர்கள் கண் கலங்கினார்கள்.

“அவருக்கு ஒரு துக்கம் இருக்கு,” என்றார் தலைமையாசிரியை. “பிடிச்சிருந்துச்சுன்னு நான் எப்படிப் போய்ச் சொல்றது?”

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “உன் தம்பி செத்துப்போயிட்டான்னு சொல்லிடு. அவன் போன் பண்ணி வருஷம் ஆகப்போகுது, அவனுக்கு எங்க தெரியப்போகுது?” இரண்டு பேரும் சிரித்தார்கள். சாப்பாடு புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து அவள் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போனாள். நண்டுக்கு அடிபட்டுவிட்டதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். தூங்குகிறது என்றாள். எப்போது எழுந்திருக்கும் என்று தினமும் கேட்டார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் கை பாதி நாள் தண்ணீரில்தான் இருக்கும். மூக்கு துடைக்க வேண்டும், கொட்டிய சாப்பாட்டை வழிக்க வேண்டும், களிமண் பிசைந்த விரல்களைக் கழுவிவிட வேண்டும். பிளாஸ்திரி ஊறி ஊறித் தோல் சிவந்து அரித்தது. அதை விட்டு முழுக்கைச் சட்டைக்கு மாறினாள். ஒரு மதியம் வாந்தியெடுத்த ஒரு குழந்தையைக் குழாயடியில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தபோது, நனைந்த சட்டைக் கையை அவளை அறியாமல் மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். வாசலில் அந்த வங்கி அதிகாரி நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் சட்டை முழுக்க வாந்தி இருந்தது. அந்த அம்மாவின் கண் போனது மணிக்கட்டுக்கு.

பதினாலு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம் நிர்வாகக் குழுவுக்குப் போனது. குழுவின் முடிவைத் தலைமையாசிரியை தன் அறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அந்த அடையாளத்தை அழித்துவிட்டால் நிரந்தரப் பணிக்குத் தடை இல்லை. இதை எந்தக் காகிதத்திலும் அவர்கள் எழுதவில்லை. வாய்ச்சொல்தான்.

பச்சையே பிடிக்காத அம்மாதான் அதிகம் குதித்தாள். “தோல் என்ன சிலேட்டாடி, எச்சில் தொட்டு அழிக்கிறதுக்கு? நான் வார்டுல பார்த்திருக்கேன். வேண்டாம்.” மகள் கேட்கவில்லை. ஆறு வருடத்தை ஒரு நண்டுக்காகத் தண்ணீரில் விட மனசு வரவில்லை.

தோல் டாக்டரின் கிளினிக்கில் லேசர் இயந்திரத்தை இயக்கியவள் சின்ன வயதுப் பெண். ஒரு தடவை புழுக்கம் தாங்காமல் வெள்ளைக் கோட்டின் கையை மேலே ஏற்றிக்கொண்டபோது, அவள் முழங்கை வரை பச்சை குத்திய கொடி ஒன்று படர்ந்திருந்தது தெரிந்தது. டீச்சர் பார்ப்பதைக் கவனித்ததும் அந்தப் பெண் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். டாக்டர் அதை வெளியே காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். அழிக்க வருகிறவர்கள் முன்னால் இதைக் காட்டிக்கொண்டு நின்றால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்டாராம். இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். சரியாக வரவில்லை.

ஐந்து தடவை போனாள். ஒவ்வொரு தடவையும், கொதிக்கிற எண்ணெய் சொட்டுச் சொட்டாகத் தெறிப்பதுபோல இருந்தது. முதலில் கால்கள் போயின, பிறகு கொடுக்குகள். நாலாவது தடவை கொப்புளம் போட்டு நீர் கட்டியது. அம்மா தினமும் மருந்து வைத்துக் கட்டினாள். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. புது வகுப்பு தொடங்கியபோது நண்டு முழுக்க மறைந்திருந்தது. அது இருந்த இடத்தில், அதே தீப்பெட்டி அளவில், வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு. ஓரங்கள் தடித்துப் பளபளத்தன. சில தோலுக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். ஒரு வருடத்தில் நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

புதுப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் வாரம் வரிசையாக மைதானத்துக்குக் கூட்டிப் போகும்போது, முன்னால் நின்ற குழந்தையின் கையைப் பிடிக்கப் போனாள். அது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

“உங்க கையைத் தொடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.”

அவள் வலது கையை நீட்டினாள். குழந்தை கொஞ்ச நேரம் யோசித்தது. “இந்தக் கையைச் சொல்லல,” என்று பிடித்துக்கொண்டது. மைதானம் வரை நடந்தார்கள்.

புதுப் பெற்றோர்களின் குழுவில் புதுப் படம் வந்துவிட்டது. இது ஒட்டுமா, தொற்றுமா, இந்தக் கையாலா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தருகிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். இரண்டு குழந்தைகள் பக்கத்து வகுப்புக்கு மாறினார்கள். தலைமையாசிரியை மருத்துவச் சான்றிதழ் கேட்டார். அவள் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். பச்சை குத்தியதை லேசரால் அகற்றியதில் ஏற்பட்ட தழும்பு, தொற்றும் தன்மையற்றது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். தலைமையாசிரியை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இதைக் காட்டினா, பச்சை குத்தின டீச்சரான்னு பழைய கதை மறுபடியும் ஆரம்பிக்கும். காட்டலைன்னா நோய்னு பேசுவாங்க. நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் எதைச் சொல்லட்டும்?”

“அழிக்கச் சொன்னது நீங்கதான்னு சொல்லுங்க மேடம்.”

வெளியே யாரோ மேஜையை இழுக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும் வரை தலைமையாசிரியை காத்திருந்தார்.

“அப்படி யாரும் எழுதித் தரலையே,” என்றார். அதில் குத்தலும் இல்லை, மிரட்டலும் இல்லை. உள்ளதைச் சொல்கிற குரலில் சொன்னார்.

நிரந்தரப் பணி ஆணை சொன்னபடி வந்தது. அதில் குறையே சொல்ல முடியாது. ஆசிரியை என்று இருக்க வேண்டிய இடத்தில், மாணவர் சேர்க்கைப் பிரிவு, அலுவலகம் என்று இருந்தது. பிள்ளைகளோடு நேரடித் தொடர்பு இல்லாத பணி என்று கீழே ஒரு வரி. இந்த முறை எல்லாவற்றையும் எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். கோர்ட்டுக்குப் போ என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். மகள் அந்த வக்கீல் தகப்பனைத் தெருவில் நிறுத்திக் கேட்டும் பார்த்தாள். அவர் அன்பாகத்தான் பேசினார். காகிதம் இல்லாத சொல்லுக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை என்றார். அவள் ஆணையை வாங்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் வாசலும் செருப்பு வைக்கும் அலமாரியும் தெரியும். வகுப்புகள் பின்பக்கம்.

பத்து மாதம் போயிற்று. சேர்க்கை தொடங்கிய இரண்டாம் நாள், வரிசையில் அந்த வங்கி அதிகாரி நின்றாள். இளைய பிள்ளையைச் சேர்க்க வந்திருந்தாள். இவளைக் கண்ணாடிக்குள் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. சொந்தக்காரரைப் பார்த்ததுபோலக் குனிந்து பேசினாள்.

“நல்லவேளை, உங்களையே பார்த்துட்டேன் டீச்சர். பெரியவளுக்கு நீங்க சொல்லிக் கொடுத்த எழுத்து மாதிரி யாரும் சொல்லிக் கொடுக்கல. சின்னவனையும் உங்க வகுப்புலதான் போடணும்னு கேக்க வந்தேன். அந்த டாட்டூவைக்கூட எடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்.”

“நான் இப்ப வகுப்புக்குப் போறதில்ல.”

“அப்படியா, ஏன்?”

அவள் அந்த முகத்தில் கேலியைத் தேடினாள். ஒரு துளி இல்லை. வெள்ளைத் திட்டைப் பற்றிய பேச்செல்லாம் புதுப் பெற்றோர்களின் குழுவில் நடந்தது. இந்த அம்மாவுக்கு அது எதுவும் தெரியாது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறாள்.

“எடுத்த இடத்துல தழும்பாயிடுச்சு. பெத்தவங்க பயப்படறாங்க.”

“ஐயோ பாவமே,” என்றாள் அந்த அம்மா. மனதாரத்தான் சொன்னாள். “எப்படித்தான் இருக்காங்களோ இந்தக் காலத்து ஜனங்க.”

இந்தப் பெண்ணிடம் சொல்ல அவள் பத்து மாதமாகப் பேச்சு தயாரித்து வைத்திருந்தாள். பஸ்ஸில் நின்றபடியும், துணி காயப்போடும்போதும், பல் தேய்க்கும்போதும் அதைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தாள். அந்தக் குழாயடி அதில் இருந்தது, பதினாலு கையெழுத்தும் இருந்தது. ஒரு வரிகூட நாக்குக்கு வரவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் விண்ணப்பத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றாமலே அம்மாவிடம் இதைச் சொன்னாள். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நீ என்னடி சொன்னே அவகிட்ட?”

“ரெண்டு போட்டோ குறையுதுன்னு சொன்னேன்.”