ஐஸ் வைக்கத் தெரியாதவன்

பூமி முழுக்கப் பனியில் உறைந்து கிடந்தது எப்போது என்று கேட்டால் செழியன் சட்டென்று சொல்வான், ஏறக்குறைய எழுபது கோடி வருஷத்துக்கு முன்னால் என்று. சிந்துஜாவை எப்போதிலிருந்து பிடிக்கும் என்று கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

கீழ்பென்னாத்தூரில் அவன் அம்மா பாஞ்சாலை, "எம்புள்ள ஐஸ்ல ஆராய்ச்சி பண்றான்" என்று சொல்லிவைக்கப் போய், பக்கத்து வீட்டு சுப்பிரமணி தன் மகள் கல்யாணத்துக்கு ஐஸ் பார் கம்மி விலையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டார். நெருப்பே மலையாக நிற்கிற திருவண்ணாமலைப் பக்கம் பிறந்துவிட்டுப் பனியைத் தேடுகிறவனுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும். அவனிடம் ஐஸ் பாரும் இல்லை, யாருக்கும் ஐஸ் வைக்கவும் தெரியாது. தெரிந்திருந்தால் கைடு அவன் ஆய்வேட்டில் எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பார்.

அன்று மத்தியானம் செங்கம் ரோட்டுக் காபிக் கடையில் சிந்துஜா எதிரே உட்கார்ந்திருந்தாள். காலேஜில் கூடப் படித்தவள். இப்போது திருவண்ணாமலையில் மருந்துக் கடை வைத்திருக்கிறாள்.

"நாளைக்கு எனக்குப் பூ வைக்க வராங்க. மாப்பிள்ளை வேலூர்."

செழியன் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்ததோ ஆராய்ச்சி.

"பனி கொண்டாந்து போட்ட கல்லுக்கு நேரா வயசு சொல்ல முடியாது, சிந்து. அதுக்குக் கீழ ஒரு எரிமலைச் சாம்பல் அடுக்கு, மேல ஒண்ணு. அந்தச் சாம்பலுக்குத்தான் வயசு பாப்போம். பனி ரெண்டுக்கும் நடுவுல வந்திருக்கும்."

"இதை எதுக்கு இப்ப சொல்ற?"

"லேப்ல என் கல்லை எடுத்து உன் கால்மேல போட்டுக்கிட்டியே, அன்னிக்கு என் மனசுல ஒண்ணுமில்ல. உன் தம்பி கல்யாணத்துல பாத்தப்ப கண்டிப்பா இருந்துச்சு. நடுவுல எப்பவோ வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

கோடி கோடியாக வருஷங்களை அநாயாசமாக உருட்டுகிறவன் ஒரு வார்த்தைக்கு முழி பிதுங்கினான். "அதான்..."

"எவ்ளோ முன்னபின்ன இருக்கும்?"

"ரெண்டு மூணு வருஷம்."

"உனக்கு அது முன்னபின்ன. நான் அந்த ரெண்டு மூணு வருஷமும் வந்த வரனையெல்லாம் தட்டிக் கழிச்சிக்கிட்டு இருந்தேன்." அவள் கண் கலங்கியது. "மாத்திரை அட்டையில ரெண்டு தேதி இருக்கும், செழியா. தயாரிச்ச தேதியை யாரும் கேக்கறதில்ல. உன்னோட காலாவதி தேதி நாளைக்கு."

எழுந்து போய் ஸ்கூட்டியில் உட்கார்ந்தாள். இன்னும் ஒரே ஒரு ஆதாரம் கிடைத்தால் தேவலை என்று வழக்கம்போல யோசித்தான் செழியன். அட கூறுகெட்டவனே, இவளே எழுந்து போகிறாள், இன்னும் என்னடா ஆதாரம் என்று தன்னையே வைதுகொண்டு ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறினான்.

"எங்க?"

"உங்க வீட்டுக்கு. உங்கப்பாவுக்கு ஐஸ் வைக்கணும்."

"அது உனக்கு வராது. பிடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லு, போதும்."

"பிடிச்சிருக்கு."

வண்டி நகரவில்லை.

"எங்கப்பாகிட்ட சொல்லச் சொன்னேன்," என்றாள் அவள், திரும்பாமலே.

"அவர்கிட்டயும் சொல்றேன்."