கேமரன் மலையில் ஒரு தட்டுச் சோறு

ஆயிஷா கேமரன் மலைக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது தேயிலையைப் பார்க்க அல்ல, ஸ்ட்ராபெரி பறிக்கவும் அல்ல. தன் புருஷன் முகம்மது கனியை எதிரே உட்காரவைத்து, இருவருமாக ஒரு வேளை சோறு சாப்பிடவேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்பவர்கள் பினாங்கில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் பார்க்கவேண்டும். கல்யாணத்தன்று ஆண்கள் பந்தி வேறு, பெண்கள் பந்தி வேறு. மறுவாரமே மாப்பிள்ளை சூலியா தெருக் கடையில் கரண்டியைப் பிடித்தவர்தான், இன்னும் கீழே வைத்தபாடில்லை. நோன்பு திறக்கிற நேரத்தில் கடையில் கூட்டம் நெரியும்; ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு ஊராருக்குக் குழம்பு ஊற்றுவார். பெருநாளன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் அங்கேயும் அவர்தான் பரிமாறுவார். எல்லாம் ஓய்ந்தபிறகு கடை அடுப்படிச் சுவரோரம் நின்றபடியே எதையோ அள்ளிப் போட்டுக்கொள்வதோடு சரி. அவர் சோற்றை எப்படிப் பிசைவார், எதைத் தொட்டுக்கொள்வார் என்பதுகூட ஆயிஷாவுக்குத் தெரியாது. மகனுக்குப் பெண் பார்க்கிற வயதில் இதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

மகன் அக்மல்தான் ஒரு வழி பண்ணினான். கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அத்தாவையும் அம்மாவையும் காரில் ஏற்றி அனுப்பினான். பினாங்குப் பாலத்தைத் தாண்டி, பிறை நகரத்து ஆலைகளையும் தாண்டியபிறகும் கனி கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கடை அங்கிருந்து தெரியாது என்று ஆயிஷா சொல்லவேண்டியிருந்தது.

மலை ஏற ஏறக் குளிர் கூடியது, ஆயிஷாவுக்கு உற்சாகமும் கூடியது. முதலில் தேயிலைத் தோட்டத்து டீக்கடை. சரிவெங்கும் பச்சை, அதன்மேல் பனிமூட்டம், மேசையில் சூடான ஸ்கோன் ரொட்டியும் ஸ்ட்ராபெரி ஜாமும். ஆயிஷா ஒரு வாய் கடித்துக் கண்ணை மூடித் திறப்பதற்குள் எதிர் நாற்காலி காலி. யாரோ வைத்துவிட்டுப் போன கோப்பைகளை அடுக்கிவிட்டு, பக்கத்து மேசையை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார் கனி. கேட்டால், எச்சில் மேசை கண்ணில் பட்டால் தனக்குச் சாப்பாடு இறங்காது என்றார். அவருடைய ஸ்கோனைக் குருவி கொத்திக்கொண்டிருந்தது.

அன்று மாலை ஸ்டீம்போட் சாப்பாடு. நடுவில் சூப்பு கொதிக்கும். சுற்றிலும் இறால், மீன் உருண்டை, காளான், கீரை. அவரவர் வேகவைத்து அவரவர் சாப்பிடவேண்டும். இதற்கு உட்கார்ந்துதானே ஆகவேண்டும் என்று ஆயிஷா கணக்குப் போட்டாள். கொதிக்கிற சட்டியைக் கண்டபிறகு அந்த மனிதர் உட்காருவாரா? நின்றுகொண்டே கீரையைப் போட்டார், நின்றுகொண்டே இறாலை அள்ளினார், அவள் கிண்ணம் காலியாக விடவில்லை. பக்கத்து மேசையில் சட்டி பொங்கி வழிந்ததும் ஓடிப்போய்த் தீயைக் குறைத்தார். அந்த மேசைக்காரர்கள் நன்றி சொல்லிவிட்டு, அப்படியே கொஞ்சம் ஐஸ் கொண்டுவரச் சொன்னார்கள். கனி கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஆயிஷா வயிறு முட்டச் சாப்பிட்டாள், ஆனால் தனியாகச் சாப்பிட்டாள். அது அவளுக்கு வலித்தது. அறைக்கு வந்து குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்குக் காலைல பசியாறிட்டு எறங்கிடுவோம். அந்த ஒரு வேளைய மட்டும் எனக்குக் குடுங்க."

கனி சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார். மனிதருக்கு எண்ணமெல்லாம் நல்லதுதான். கைதான் பேச்சைக் கேட்காது.

காலையில் ஹோட்டல் சாப்பாட்டுக்கூடத்தில் ஆயிஷா சுவரோர மேசையாகப் பார்த்துப் பிடித்தாள். அவரை உள்பக்கம் தள்ளி உட்காரவைத்து, வழியில் தன் கைப்பையையும் வைத்துவிட்டு டீ எடுக்கப் போனாள். திரும்பி வந்தால் கைப்பை மட்டும் இருந்தது.

நீள மேசையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் கோழிக் குழம்பும் வைத்திருந்தார்கள். பரிமாற ஆள் இல்லை. யாரோ ஒரு அம்மாள் மிளகாய்ச் சம்பலைத் தட்டில் பாதியும் விரிப்பில் பாதியுமாகச் சிந்தியதைப் பார்த்துப் பொறுக்காமல் எழுந்த கனி, இப்போது மேசைக்குப் பின்னால் நின்றார். முன்னால் வரிசை தானாகவே உருவாகியிருந்தது. ஒரு கொரியாக்காரரின் வறுத்த நூடுல்ஸ்மேல் குழம்பை வெள்ளமாக ஊற்றினார். அவர் திகைத்து, அங்கேயே நின்று ருசி பார்த்து, மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார். ஹோட்டல் மேனேஜர், யார் அனுப்பிய ஆள் என்று தெரியாவிட்டாலும் நல்ல ஆள் என்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயிஷாவுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. கையைப் பிடித்து இழுத்துவரலாம், ஊர் பார்க்கும். அவள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள்.

அவள் முறை வந்தது. கனி தலை நிமிராமல், கடைப் பழக்கத்தில், இங்கே சாப்பிடவா பொட்டலமா என்று மலாய் மொழியில் கேட்டார்.

"இங்கதான். ரெண்டு தட்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் வீட்டுக்காரருக்கு. அவருக்கு என்ன போடணும்னு எனக்குத் தெரியாது லா. அவரு உக்காந்து சாப்புட்டு நான் பாத்ததே இல்ல. நீங்களே போட்டுக் குடுங்க."

கரண்டி குழம்புக்கும் தட்டுக்கும் நடுவே அப்படியே நின்றது. கனி நிமிர்ந்து பார்த்தார், அவர் முகம் சுருங்கிவிட்டது. அவள் தட்டை நிறைத்தார். இன்னொரு தட்டில் கொஞ்சம் சோறு, ஒரு முட்டை, விரல்நுனி அளவு சம்பல். கரண்டியைக் கீழே வைத்தார். பின்னால் நின்றவர்களிடம் அவரவர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு தட்டுகளோடும் அவள் பின்னால் நடந்தார்.

குழம்பு எங்கே என்றாள் ஆயிஷா.

"எனக்குக் கொழம்பு ஆவாது புள்ள. நாள் பூரா அந்த வாசந்தான். தொண்டைல எறங்காது."

ஊருக்கெல்லாம் குழம்பை ஊற்றிக் குளிப்பாட்டுகிற மனிதர் வெறுஞ்சோறு தின்கிறார். ஆயிஷாவுக்குச் சிரிப்பு வந்து டீ புரையேறியது. கனியும் அசடு வழியச் சிரித்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமானவர் மாதிரி நாலு வாயில் சோற்றை முடித்துவிட்டு எழப் போனார். அந்தப் பக்கம் யாரோ கரண்டியைத் தவறவிட்ட சத்தம் வேறு கேட்டது. அவர் அங்கே பார்த்தார், பிறகு அவள் தட்டைப் பார்த்தார். பாதிகூடக் குறையவில்லை. உட்கார்ந்தார்.

ஆயிஷா வேண்டுமென்றே தட்டிலிருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக மென்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு சாப்பாடு இவ்வளவு ருசித்ததில்லை.

"கை காஞ்சு போச்சு ஆயிஷா," என்றார் கனி.

"காயட்டும்," என்றவள் இன்னும் கொஞ்சம் சோறு எடுத்துவர எழுந்தாள். திரும்பி வந்தபோது அவர் காய்ந்த கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.