சுற்றுப்புறச் சத்தம் அதிகம்

1

இந்தக் கதை பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக எனக்கு வந்தது. கற்பனை ஊற்றெடுத்தது, உள்ளிருந்து ஏதோ உந்தியது என்றெல்லாம் அளந்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. கோபக்கார ராணி ஒருத்தியைப் பற்றி நாவல் எழுத உட்கார்ந்தேன். ராணி வாயைத் திறக்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் 'ஊஊஊய்ப்' என்றது. பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பதின்மூன்றாம் நாள் ராணியை மூட்டைகட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, ஊய்ப்பைப் பற்றி எழுத ஆரம்பித்தேன்.

(சுவர் மெல்லியது. பாதி அதன் வழியாகக் கேட்டது. மீதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்கக் கூடாது.)

2

முதல் தொடக்கம்: 'அந்திச் சூரியனின் பொற்கதிர்கள் ஸ்பீக்கரின் மீது'

வேண்டாம். அந்த ஹாலுக்கு மேற்கே ஜன்னலே கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: 'ஒலி என்றால் என்ன? ஆதிகாலம் தொட்டே மனிதன்'

இந்த மனிதன் எங்கே போய்ச் சேருவான் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

மூன்றாம் தொடக்கம்: லிஃப்ட்காரர் சோபாவின் மேல் ரசமட்டம் வைத்துச் சாய்வு இருக்கிறதா என்று பார்த்தார்.

இது பரவாயில்லை, இதையே பிடித்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் தளம் மாடித் தரையைவிட ஒரு நூல் உயர்ந்து நின்றாலும் யாராவது தடுக்கி விழுவார்கள் என்பதால், ஒரு நூல் பிசகையும் பொறுக்காத கண் அவருக்கு. அந்தக் கண்ணைச் சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்கு வர முடியும்? வீட்டிலேயே சினிமா பார்க்க ஐந்து ஸ்பீக்கர்களையும், அடித்தொண்டைச் சத்தத்துக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி ஒன்றையும் வாங்கி வந்தவர், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் சோபாவுக்கு வெள்ளை நூல் கட்டித் தூரம் அளந்தார். அளந்த நூலை அவிழ்க்கவும் விடவில்லை. பன்னிரண்டு நாளாக நூலுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்ததில், அவரோடு இருக்கும் மாமனார் வெளியே போனாலும் கதவு நிலைகளில் குனிகிறார்.

3

ஏன் வாங்கினார் என்று சொல்ல வேண்டுமல்லவா? இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். அவருக்கு மாலை ஷிஃப்ட் என்றால் இவர் வீட்டில். அவர் வீட்டில் இருந்தால் எங்கோ ஒரு லிஃப்ட் பாதி வழியில் நின்று இவரைக் கூப்பிடும். இரண்டு வருடமாக இருவரும் ஒரே சோபாவில் அருகருகே உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் வந்து உட்கார் என்று மனைவியிடம் கேட்கத் தெரியாத மனிதர், அதற்குப் பதிலாக ஆறு பெட்டி வாங்கினார்.

வாங்கியதிலிருந்து ஒரு படமும் ஓடவில்லை. ஊய்ப் மட்டும்தான் ஓடியது.

இன்று காலை மனைவி சொன்னது சுவர் தாண்டித் தெளிவாகவே கேட்டது. "பன்னெண்டு நாளா படத்தைத் தவிர எல்லாம் கேட்டாச்சு. எனக்கு இன்னைக்கு லீவு. சாயங்காலம் ஆறு மணிக்குப் படம் ஓடணும். இல்லேன்னா நாளைக்குக் காலையில எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் கடையில திருப்பிக் குடுத்துடுவேன்."

"ஓடும்," என்றார் லிஃப்ட்காரர். "அளவு மட்டும் எடுத்துட்டா போதும்."

4

(மாமனார் இந்தக் கதைக்குத் தேவையா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஓரத்தில் உட்கார்ந்து கதையை முன்னேயும் நகர்த்தாமல் பின்னேயும் நகர்த்தாமல் இருக்கிறார். எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை அடித்தேன். அடித்த இடத்திலும் அவர் உட்கார்ந்தே இருந்தார். இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

அளவு எடுப்பது இப்படி. சோபாவில் உட்காருபவரின் காது இருக்கும் உயரத்தில் ஒரு சின்ன மைக்கை நிறுத்த வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் வரிசையாக ஊய்ப் என்னும். மைக் அதைக் கேட்டு, எந்த ஸ்பீக்கர் எவ்வளவு பேசலாம் என்று முடிவு செய்யும். மூன்றே நிமிடம்தான். ஆனால் அந்த மூன்று நிமிடமும் அறையில் ஈ பறக்கக் கூடாது.

லிஃப்ட்காரர் ஐந்தேகாலுக்குப் பொத்தானை அழுத்தினார். முதல் ஊய்ப் முடிவதற்குள் டிவியில் எழுத்து வந்தது: 'சுற்றுப்புறச் சத்தம் அதிகம். அமைதியை ஏற்படுத்தி மீண்டும் முயலவும்.'

மின்விசிறியை நிறுத்தினார். சத்தம் அதிகம். ஃப்ரிட்ஜை நிறுத்தினார். சத்தம் அதிகம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சத்தம் அதிகம். கடைசியில் அவர் பார்வை மெல்ல மாமனார் பக்கம் திரும்பியது.

"மாமா, மூக்குல ஏதாவது அடைப்பு இருக்கா?"

"ஏன் மாப்பிள்ளை?"

"மூச்சு கொஞ்சம் விசில் அடிக்கிற மாதிரி இருக்கு."

"எழுபத்திரண்டு வருஷமா இப்படித்தான் விடறேன். இதுக்கும் சுவிட்ச் இருக்கான்னு பாருங்க," என்று சொல்லிவிட்டு, நூலுக்கு அடியில் குனிந்து அவரே பால்கனிக்குப் போய்விட்டார்.

(பார்த்தீர்களா, தேவைப்பட்டார்.)

சத்தம் அதிகம்.

லிஃப்ட்காரர் ஹாலின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பழுதான மோட்டார் எது என்று காதாலேயே கண்டுபிடிக்கிறவர் அவர். மெதுவாக நடந்து போய்ப் பொதுச் சுவரில் காதை வைத்தார். அந்தப் பக்கம் யாரோ இங்கும் அங்கும் நடந்துகொண்டு உரக்கச் சொல்வது கேட்டது: "மெதுவாக நடந்து போய்ப் பொதுச் சுவரில் காதை வைத்தார்."

6

ஆமாம், நான்தான். எழுதும் ஒவ்வொரு வரியையும் அறைக்குள் நடந்தபடி வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். ஊய்ப் வந்தால் இன்னும் உரக்கப் படிப்பேன். நான் உரக்கப் படித்தால் அவருக்கு அளவு தவறும். அளவு தவறினால் மறுபடி ஊய்ப். பன்னிரண்டு நாளாக ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கதவைத் தட்டினார். கையில் ரசமட்டம்.

"சார், ஒரு மூணு நிமிஷம் பேசாம இருக்க முடியுமா?"

"நான் பேசலையே. எழுதறேன்."

"வாயை மூடிக்கிட்டு எழுதலாமே சார்."

"அப்படி எழுதிப் பழக்கமில்லை."

"என்ன கதை?"

பொய் சொல்லியிருக்கலாம். "உங்க கதைதான்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் மேசைமேல் இருந்த தாள்களை நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "அதுல அவ வந்து உட்கார்றாளா?"

"இன்னும் எழுதலை."

"சீக்கிரம் எழுதுங்க சார். மணி ஆறாகப் போகுது," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உரக்கப் படிப்பதை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

7

முடிவு, முதல் வகை: அளவு முடிகிறது, படம் ஓடுகிறது, அவர் மனைவி வந்து உட்காருகிறார், அதே நொடியில் மருந்துக்கடையிலிருந்து போன். (இதை உரக்கப் படித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஊய்ப் பாதியில் நின்றது.)

இரண்டாம் வகை: ஆறு பெட்டிகளும் கடைக்குப் போகின்றன. வெறும் ஹாலில் இருவரும் (மறுபடி பாதியில் நின்றது.)

மூன்றாம் வகை: அளவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவர் படத்தைப் போட்டுவிடுகிறார். விமர்சகர்கள் மெச்சுவார்கள். ஆனால் படம் முழுக்க அவர் மனசு இடது ஸ்பீக்கரிலேயே

மறுபடி கதவு தட்டும் சத்தம். இந்த முறை அவர் மனைவி. மணி ஆறு அடிக்க ஐந்து நிமிடம்.

"அவர் இன்னொரு தடவை கேக்கக் கூச்சப்படறாரு சார், அதான் நான் வந்தேன். கதையைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"நிறுத்தினா முடிவு என்னன்னு எனக்கே தெரியாமப் போயிடுமே."

"போகட்டும் சார்." அவர் வாசல்படியைப் பார்த்தபடி நின்றார். "பன்னெண்டு நாளா எப்போடா இந்த நூலை அவிழ்ப்பாரு, போய் உட்காரலாம்னு நானும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

8

சொல்ல மாட்டேன். சொன்னால் மைக்கில் விழும்.

லிஃப்ட்காரர் பொத்தானில் விரலை வைத்துவிட்டார். அந்த ஹாலுக்கு இப்போது நான் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் எழுதாமல் இருப்பது. முடிவை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். உட்கார வையுங்கள், வேண்டாமென்றால் பெட்டியைக் கட்டுங்கள், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். வாய்விட்டு மட்டும் படித்துவிடாதீர்கள்.