தடுப்புக் கம்பியில் ஒரு துணிக்கிழிசல்

1

இதைக் கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மறுமலர்ச்சிக் காலத்தில் ஆட்சியாளர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட அறிவுரைகள் இன்றைக்கும் செல்லுமா என்று ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். 'நூற்றாண்டுகள் கடந்தும் அதிகாரத்தின் இயல்பு' என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். அதிகாரம் எப்படி ஓடுகிறது என்று காட்ட எனக்கு ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. மருத்துவமனைகளுக்குத் துவைத்துக் கொடுக்கும் ஒரு பெரிய லாண்டரிக்குள் கற்பனையில் நுழைந்தேன். அங்கே பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

2

முதலில் இயந்திரம். கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்பு உருளை, உள்ளே நீராவி. இரண்டு பேர் ஈர விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து ஊட்ட, உருளை அதை வாங்கி அழுத்தி, மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டால் அந்த நொடியே உருளை நின்றுவிடும்.

(இதில் எனக்குப் பிடித்த விஷயம்: விரலுக்கும் மடங்கிய துணிக்கும் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது. சந்தேகம் வந்தாலே நிறுத்திவிடும். அதனால் ஒரு நாளில் பலமுறை வீணாக நிற்கும். அந்த வீண்தான் பாதுகாப்பு.)

3

புது மேற்பார்வையாளரை எல்லோரும் அக்கா என்பார்கள். போன மாதம்வரை அவளும் விரிப்பு ஊட்டியவள்தான். பதவியோடு ஒரு பயிற்சி வகுப்பும் வந்தது. பழைய அரசவை அறிவுரை அங்கே திரையில் புள்ளி போட்டு ஒளிர்ந்தது: கடுமையை முதல் நாளே காட்டிவிடு, பயம் தங்கிவிட்டால் வேலை தானாக நடக்கும்.

முதல் நாளே காட்டினாள். உருளையை நிறுத்தியவர் எல்லோர் முன்னாலும் வந்து காரணம் சொல்ல வேண்டும். முதலில் மாட்டியது 'ரேடியோ'. வாய் ஓயாதவள் என்பதால் அந்தப் பெயர்.

"துணி மடங்கிடுச்சுக்கா, அதான் நின்னுச்சு."

"துணியா? ஊர்க்கதை பேசுற வாய்க்குக் கை எங்க இருக்குன்னு தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரேடியோ அன்றோடு அணைந்துபோனாள்.

உருளையின் இன்னொரு முனையில் விரிப்பு ஊட்டுபவள் அக்காவின் சொந்தத் தங்கை. அன்று வீட்டில் தங்கை கேட்டாள்: "நாளைக்கு நான் நிறுத்தினா என்னையும் முன்னாடி கூப்புடுவியா?"

"தங்கச்சின்னு விட்டா மத்தவங்க என்னடி நினைப்பாங்க?"

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தங்கை தட்டைக் கழுவப் போனாள்.

4

[அக்காவைக் கொடியவளாக எழுதிப் பார்த்தேன். அவள் கண்களில் ஒரு குரூரம் — இல்லை, அடித்துவிட்டேன். முந்தைய மேற்பார்வையாளர் தன்மையானவர். விரிப்புகள் தாமதமானதும் அவரை அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கும் அந்தப் பயம்தான்.]

ஒரு வாரத்தில் உருளை நிற்பதே அரிதாயிற்று. முதலாளி பாராட்டினார். அதன் பிறகு அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. அக்கா பெருமைப்பட்டாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன். நிறுத்தவே நிறுத்தாத கம்பி என்றால் என்ன பொருள்?

ஒரு பிற்பகலில் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோதுதான் அவளும் பார்த்தாள். கம்பி அசையாதபடி, பழைய விரிப்பின் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு அழுக்கேறிப்போயிருந்தது. கட்டிப் பல நாளாகியிருக்க வேண்டும். கூடத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

தங்கையின் பக்கம் துணி மடங்கியது. அதை நீவிவிட விரல்கள் உருளையை நோக்கிப் போயின.

5

முதல் முடிவு: அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கிறாள். எழுதியதும் கிழித்தேன். கதவுக்கும் உருளைக்கும் நடுவே அவ்வளவு தள்ளுவண்டிகள்.

இரண்டாவது: "அடியே, கைய எடு!" அவள் குரல் கேட்டாலே இப்போது தங்கைக்கு உடல் தூக்கிப்போடும். தூக்கிப்போட்டால் கை எந்தப் பக்கம் போகும்? மேலே எழுத முடியவில்லை.

மூன்றாவது: உருளையை நிறுத்தும் சிவப்புப் பட்டன் ரேடியோவின் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "பட்டன அமுக்கு!" என்று அக்கா கத்துகிறாள். ரேடியோ துள்ளித் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுகிறாள். "நான் தொடவே இல்லக்கா! சத்தியமா தொடல!"

(அந்தக் காலத்து ஆலோசகர்கள் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: கசப்பான உண்மையைச் சொல்லச் சிலருக்காவது அனுமதி கொடுத்து வை. வகுப்பில் அதற்கு நேரம் போதவில்லை.)

6

முடிவை நான் எழுதப் போவதில்லை. ரேடியோவை அந்த இடத்திலிருந்து நகர்த்திவிட்டேன். பட்டனுக்குப் பக்கத்தில் இப்போது நிற்பது நீங்கள். அன்று எல்லோர் முன்னாலும் வைத்து உங்களைத்தான் பார்த்துச் சிரித்தார்கள். உருளை சுற்றுகிறது. அக்கா கத்துகிறாள்.

உங்கள் கை முதலில் எங்கே போகிறது?