ரவுடி கடித்ததாகச் சொல்லப்படும் மீன்

1

ஒப்புக்கொண்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். இந்தக் கதை எனக்கு எங்கிருந்தோ உதித்ததில்லை. என் சமையலறை மேடையில், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே, பதினோரு நாளாக ஒரு நீலப் பிளாஸ்டிக் டப் இருக்கிறது. அதற்குள் விசிறி இருக்கிறாள். கதை அங்கே கிடைத்தது.

விசிறி ஓர் ஏஞ்சல் மீன். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் இருக்கும் பெரிய மீன்தொட்டியைச் சேர்ந்தவள். அந்தத் தொட்டி பன்னிரண்டு வீட்டுக்கும் பொது. முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். செவ்வாய்க்கிழமை என் முறை. சனிக்கிழமை சாயங்காலம் அதே தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு நான் கதை சொல்வேன், நீங்கள் கேட்பீர்கள். இந்த ஒருமுறை எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும், கண்ணுகளா.

நாளைக் காலை பத்து மணிக்கு, விசிறியைக் கடித்த குற்றத்துக்காக, ரவுடி என்கிற மஞ்சள் மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள். அதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரி இருந்தாள். மீன்கள் என்றால் அவளுக்கு உயிர். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தொட்டிக்குள் கையை விட்டு"

இங்கே நின்றுவிட்டது. என் தங்கை தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது மாடில ஏதுக்கா தையல்காரி? அங்க நாமதான இருக்கோம்."

"கதைடி. கதைன்னா நாலு பேர் வருவாங்க."

"வரட்டும். செவ்வாய்க்கெழம எதுக்கு வருது? அது உன் முறையாச்சே."

"நீ போய்ப் பாலைப் பாரு."

"பால் காய்ச்சி எறக்கியாச்சு. கையை விட்டு என்ன பண்ணா? அதச் சொல்லு."

நான் பேனாவை மூடிவிட்டேன்.

3

வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் புதன்கிழமை காலை வடிகட்டிக் குழாய்க்குக் கீழே விசிறி சாய்ந்து கிடந்தாள். இடது பக்கம் செதில் பெயர்ந்து, சதை வெள்ளையாகத் தெரிந்தது. வால் கிழிந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிய பல் டாக்டரம்மா கூடத்தில் நின்று, கண்ணாடிக்கு அருகே மூக்கை வைத்துப் பார்த்தார்.

"கடிதான் இது. ஓரம் பாருங்க, நறுக்கு நறுக்கா இருக்கு. முப்பது வருஷமா பல்லோடதான் குப்ப கொட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

"மீனுக்குப் பல்லு இருக்குதா டாக்டரம்மா?" என்றாள் தங்கை.

"இருக்கும்ங்க. இல்லாமலா கடிச்சிருக்கு?"

குடியிருப்புச் செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். "ரவுடியத் தவிர வேற யாரு? பேரே சொல்லுதே."

(அடிக்குறிப்பு போல ஒன்று: அந்தப் பெயரை வைத்தது நான். போன வருஷம் ஒரு சனிக்கிழமைக் கதையில் வில்லன் தேவைப்பட்டது. தொட்டியில் அவன்தான் தடியாக, மஞ்சளாக, கண்ணில் பட்டான். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். மறுநாளிலிருந்து அவனுக்கு அதுவே பெயர். அதற்கு முன்னால் அவன் யாரையும் சீண்டி நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னாலும் இல்லை.)

"நான் பாத்துக்கிறேன், எங்கிட்ட குடுங்க" என்று விசிறியைக் கேட்டு வாங்கினேன். அவசரமாகக் கேட்டேன். செயலாளர் நெகிழ்ந்துபோனார். "உங்க மனசு யாருக்குங்க வரும்?"

நான் விசிறியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

4

செயலாளரைப் பற்றி ஒரு சந்தேகம். இவ்வளவு பிடிவாதமாக ஒரு மீனைத் துரத்துகிற மனிதருக்குக் கதையில் ஒரு காரணம் வேண்டாமா? அதனால் அவருடைய மனைவி இறந்துபோய்விட்டதாகவும், விசிறியை அந்த அம்மாள்தான் ஆசையாக வாங்கி விட்டதாகவும் ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அந்த அம்மாளே நிற்கிறார், வழக்கம்போலக் கையில் உரித்த பட்டாணியோடு. "மீனுக்கு வேகவச்சுக் குடுங்கக்கா. தோல நானே எடுத்துட்டேன்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். செயலாளர் பிடிவாதக்காரர், அவ்வளவுதான். தொட்டியை அவருக்குப் பிடிக்கும். ஒரு மனிதருக்கு ஒன்று பிடித்திருக்க, யாராவது செத்துப்போயிருக்க வேண்டுமா என்ன?

5

வைத்தியத்தை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், உங்களுக்கும் பயன்படும்.

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் விட்டுவைக்க வேண்டும்; மருந்து வாடை போகும். தினமும் டப்பில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும். சொம்பிலிருந்து கொட்டக் கூடாது, விளிம்போரமாக வழியவிட வேண்டும். கல் உப்பு, ஒரு சிட்டிகைதான். மேலே ஒரு துண்டு. வெளிச்சம் குறைந்தால் பயமும் குறையும். காற்றுக்குழாய் ஓயாமல் குமிழ் விட வேண்டும். எங்கள் வீட்டில் பதினோரு நாளாகச் சமையல் அந்தக் களகளச் சத்தத்தோடுதான்.

மூன்று நாள் அவள் ஒன்றும் தின்னவில்லை. நான்காம் நாள் பட்டாணியைச் சுண்டுவிரல் நகத்தளவு நசுக்கிப் போட்டேன். வாயில் வாங்கினாள், துப்பினாள், திரும்ப வாங்கினாள். தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

ஏழாம் நாள் வாலின் கிழிந்த ஓரத்தில் ஏதோ மினுங்கியது. துணிக்கு ஓரம் கட்டின மாதிரி ஒரு மெல்லிய கோடு. புதிதாக வளரும் துடுப்பு நிறமில்லாமல்தான் வருமாம். அதன் வழியாக டப்பின் நீலம் தெரிந்தது. தனக்கு வேண்டியதைத் தானே நெய்துகொள்ளும் உடம்பு! எத்தனை நேரம் குனிந்து நின்றேனோ, இடுப்பு பிடித்துக்கொண்டது.

சந்தோஷத்தில், வியாழக்கிழமை குடியிருப்புக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்: "விசிறி தேறிட்டா. தொட்டிக்கு அனுப்பலாம்."

"அப்ப மொதல்ல அவன் வெளிய போகணும்" என்றார் செயலாளர். அன்றைக்கே ரவுடியை வலையில் எடுத்து வாளியில் விட்டார்கள். நான் ஒருத்தியைத் தேற்றியது, இன்னொருவனை வெளியே தள்ளுவதில் போய் முடிந்தது.

6

தையல்காரி இந்த இடத்தில் விடைபெறுகிறாள். பாவம், இரண்டரை வாக்கியம்தான் வாழ்ந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தொட்டிக்குள் கையை விட்டது நான். என் கதைகளைக் கேட்கிறவர்களுக்குத் தெரியும்: திருடனானாலும் தேவதையானாலும், அவனவனுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் எனக்குக் கதை நகராது. விசிறி நாள் முழுக்க நடுத்தண்ணீரிலேயே நின்றுகொண்டிருப்பாள். இவளுக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லையே என்று தோன்றியது. பால்கனியில் ஒரு பூந்தொட்டி உடைந்து கிடந்தது. அதில் வளைவான ஒரு சில்லைக் கழுவி, கூரை மாதிரிக் கவிழ்த்து வைத்தேன். விளிம்பைத் தேய்த்து மழுக்கவில்லை. அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலை முதலில் கீழே போனதும் நான்தான். விசிறியைப் பார்த்தேன். சில்லை எடுத்தேன். விளிம்பில் இரண்டு செதில் ஒட்டியிருந்தது. யாரும் வருவதற்குள் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன். அப்புறம்தான் டாக்டரம்மா வந்தார்.

நேற்று தங்கை மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சில்லை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது எத்தன நாளா இங்க இருக்கு?"

நான் எழுதிய தாளை அதன்மேல் இழுத்து மூடினேன்.

"அக்கா, நீ கத எழுதுறியா, இல்ல ஒளிச்சு வைக்கிறியா?"

"கேட்டா என்ன நெனப்பாங்கடி? உங்க மனசு யாருக்கு வரும்னு சொன்ன வாய்."

"அந்த மஞ்சப்பய ரெண்டு நாளா வாளியில ஒண்ணும் திங்கல. அத நெனச்சியா?"

7

முடிவுகள்.

அ) இரண்டு மீனும் தொட்டிக்குத் திரும்பி, பக்கத்தில் பக்கத்தில் நீந்துகின்றன. (தங்கை: "ஏன், கல்யாணம் பண்ணி வச்சிரேன்.")

ஆ) ரவுடியைக் கடையிலிருந்து ஒரு நல்ல குடும்பம் வாங்கிப் போகிறது. அங்கே அவனுக்கென்று அழகான ஒரு சின்ன வீடு

நிறுத்திவிட்டேன். மறுபடியும் வீடு கட்டப் போய்விட்டேன், பாருங்கள்.

இ) விடியற்காலையில் நானே வாளியைத் தூக்கிப்போய் அவனைத் தொட்டியில் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல இருக்கிறேன். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

ஆக, முடிவை எழுத இந்தக் கைக்கு இனி உரிமை இல்லை. இந்தத் தாள்களை முறைப்பட்டியல் தொங்கும் பலகையில் குத்துகிறேன். பக்கத்தில் சில்லையும் நூலில் கட்டித் தொங்கவிடுகிறேன். செதில் இரண்டும் அப்படியே இருக்கிறது. டாக்டரம்மா, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். யாரும் விளிம்பைத் தொடாதீர்கள், விரல் கிழியும்.

வாளி செயலாளர் வீட்டு வாசலில் இருக்கிறது. மூடிமேல் ஒரு செங்கல் இருக்கிறது.

இன்று சனிக்கிழமை. நாலு மணிக்கு வழக்கம்போல நாற்காலியில் வந்து உட்காருவேன். கதை சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்வதைக் கேட்பேன், எதுவானாலும். எட்டாவது பகுதிக்கு இடம் விட்டிருக்கிறேன். பட்டியலில் கட்டியிருக்கும் பேனாவே போதும், நன்றாகத்தான் எழுதுகிறது.

8